வீட்டுக்கும் வீட்டுக்கும் நடுவில் நடப்பதை யார் எழுதுவது?

ஆய்வுகள் மீது எனக்கு மரியாதை உண்டு. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வினாக்கொத்தையும் டேப்லெட்டையும் தூக்கிக்கொண்டு கொழும்பில் கொட்டாஞ்சேனை, புளூமெண்டால், முகத்துவாரம், வனாத்தமுல்லை என்று வீடு வீடாக ஏறி இறங்குவதுதான் பல வருடமாக என் பிழைப்பு. சில நேரம் பல்கலைக்கழக ஆய்வு, சில நேரம் தொண்டு நிறுவனம், சில நேரம் எங்கோ வெளிநாட்டிலிருந்து காசு வந்து நடக்கிற ஆய்வு. கேள்வி கேட்பது நான். கேள்வியை எழுதுகிறவர்கள் வேறு ஆட்கள். இரண்டு பேருக்கும் இடையில் விழுந்து காணாமல் போகிற விஷயங்களைப் பற்றித்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம், பொறுமையாக வாசியுங்கள்.

எந்த ஆய்வுக்கும் ஓர் அலகு வேண்டும். நம் நாட்டில் அது பெரும்பாலும் 'வீட்டு அலகு'. ஒன்றாக இருந்து ஒரே சமையலில் சாப்பிடுகிறவர்கள் ஒரு வீட்டு அலகு. அரச கணக்கெடுப்பில் இருந்து பட்டப்படிப்புக்கு ஆய்வு செய்கிற மாணவர் வரை இங்கேதான் தொடங்குவார்கள். காகிதத்தில் இதில் ஒரு குறையும் இல்லை. கொழும்பு வடக்கில் ஒரு தோட்டத்துக்குள் நுழைந்ததும்தான் சிக்கல். (மலைநாட்டு வாசகர்களுக்கு: இங்கே தோட்டம் என்பது ஒரு ஒழுங்கையில் நெருக்கிக் கட்டிய வீடுகள்.) ஒரு ஆச்சி படுப்பது மூத்த மகளின் அறையில், சாப்பிடுவது எதிர்வீட்டு இளைய மகளிடம், மருந்துக்குக் காசு அனுப்புவது கட்டாரில் இருக்கும் மகன். ஆச்சி எந்த அலகு? 2022இல் கேஸ் சிலிண்டர் கிடைக்காத மாதங்களில் மூன்று வீட்டுச் சோறும் ஒரே மண்ணெண்ணெய் அடுப்பில் வெந்ததைப் பார்த்திருக்கிறேன். அந்த மண்ணெண்ணெயும் ஒரு வீட்டார் வரிசையில் நிற்க, மற்ற வீட்டார் அவர்கள் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டு வாங்கியது. அப்போது அங்கே இருந்தது மூன்று அலகா, ஒன்றா?

நான் சொல்ல வருவது இதுதான். வீட்டுக்கு உள்ளே இருப்பதை எண்ண நாம் நன்றாகவே பழகிவிட்டோம். எத்தனை அறை, என்ன கூரை, டிவி இருக்கிறதா, யாருக்கு எவ்வளவு சம்பளம். ஆனால் கையில் காசு குறைந்த கொழும்பு மனிதர்களின் சீவியத்தில் பெரும் பங்கு வீட்டுக்கும் வீட்டுக்கும் நடுவில் நடக்கிறது. அதற்கு வினாக்கொத்தில் கட்டம் கிடையாது. கட்டம் இல்லாதது தரவில் வராது. தரவில் வராததை எந்தத் திட்டமும் கணக்கில் எடுக்காது.

சீட்டை எடுங்கள். பத்துப் பெண்கள், மாதம் ஆளுக்கு ஐயாயிரம், மாதத்துக்கு ஒருத்திக்கு ஐம்பதாயிரம். ஒப்பந்தம் இல்லை, சாட்சி இல்லை, சீட்டுப் பிடிக்கிற அக்காவிடம் ஒரு சி.ஆர். கொப்பி மட்டும். வினாக்கொத்தில் சேமிப்புக்கு ஒரு பகுதி இருக்கும், கடனுக்கு ஒரு பகுதி இருக்கும். சீட்டை எதில் எழுதுவது? தன் முறை வரும் மட்டும் அது அவளுடைய சேமிப்பு. எடுத்த நாளிலிருந்து அதுவே அவளுடைய கடன். இரண்டாம் மாதமே எடுத்தவளுக்கும் கடைசி மாதத்துக்குக் காத்திருக்கிறவளுக்கும் ஒரே பதிலை எழுதினால் இரண்டில் ஒன்று கட்டாயம் பிழை.

அதைவிடப் பெரிய விஷயம், யாருக்கு எந்த மாதம் என்பது. தொடக்கத்தில் குலுக்கிப் போட்டுத்தான் வரிசை. ஆனால் ஒருத்தியின் புருஷன் திடீரென்று பெரியாஸ்பத்திரியில் விழுந்தால், ஒருத்தியின் மகள் பெரிய பிள்ளையானால், வரிசை மாறும். "என் முறைய நீ எடு, உன் முறை வாறப்ப நான் எடுக்கிறேன்." குழாயடியில் சொல்லி முடிகிற இந்த ஒரு வசனத்துக்குள் காப்புறுதி இருக்கிறது, வட்டியில்லாக் கடன் இருக்கிறது, அடகுக் கடைக்குப் போகாமல் தப்பிய ஒரு தாலிக்கொடி இருக்கிறது. தன் முறையை விட்டுக்கொடுத்தவள் அந்த மாதம் எதை ஒத்திவைத்தாள் என்பதும் இருக்கிறது. நான் வேலை செய்த ஆய்வுகளில் இவ்வளவுக்கும் கிடைத்த இடம் 'வேறு (குறிப்பிடுக)' என்ற ஒரு கோடு. அந்தக் கோட்டில் எழுதியதை இறுதி அறிக்கையில் ஒருமுறையும் நான் கண்டதில்லை.

அடுத்தது வேலை. நமது தொழிற்படை ஆய்வின்படி, 15 வயதும் அதற்கு மேலும் உள்ள பெண்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினரே தொழிற்படையில் (வேலை செய்கிறவர்களும் வேலை தேடுகிறவர்களும்) இருக்கிறார்கள். ஆண்களில் பத்துக்கு ஏழு பேர். மிச்சப் பெண்களுக்குப் பெயர் 'பொருளாதார ரீதியில் செயற்படாதவர்கள்'. இத்தனைக்கும் விதி தாராளமானது. முந்திய வாரத்தில் ஒரு மணித்தியாலம் வருமானத்துக்காக உழைத்திருந்தாலே தொழில் உள்ளவர் என்று எழுதலாம். பிரச்சினை விதியில் இல்லை, கேள்வி போய்ச் சேருகிற விதத்தில் இருக்கிறது.

ஜிந்துப்பிட்டியில் ஒரு வீடு. இடியப்பத் தட்டுகள் கழுவி வாசல் சுவரில் அடுக்கிச் சாத்தியிருந்தது. கதவோரம் இடியப்பம் பிழிகிற உரல், ஓட்டைகளில் மா காய்ந்து வெள்ளையாக. "வேலை ஏதும் செய்றீங்களா அக்கா?" என்று கேட்டேன். "இல்ல மிஸ், வீட்லதான் இருக்கேன்." விடியக்காலை மூன்றரைக்கு எழும்பி, முன்சந்திச் சாப்பாட்டுக் கடைக்கும் தோட்டத்து வீடுகளுக்கும் இடியப்பம் அவித்துக் கொடுத்துவிட்டு, பிள்ளைகளை ஸ்கூலுக்கு அனுப்பிவிட்டு என் முன்னால் வந்து உட்கார்ந்திருக்கிறார். அவர் பொய் சொல்லவில்லை. முதலாளி, சம்பளம், பஸ் ஏறிப் போகிற நேரம் இவையெல்லாம் இருந்தால்தான் அவர் மனதில் அது வேலை. தட்டுகளைக் காட்டிக் கேட்டபிறகுதான் சிரித்துக்கொண்டே, "அதுவா, அது சும்மா செலவுக்கு" என்றார். அந்தச் 'சும்மா செலவு' இரண்டு பிள்ளைகளின் டியூஷன் காசு. பின்னேரத்துக்குள் இத்தனை வீடு முடிக்க வேண்டும் என்று அனுப்பிவைக்கப்படுகிற புதுப் பிள்ளைக்குத் தட்டைப் பார்க்க எங்கே நேரம்?

நிலைமை மாறாமலே இருக்கிறது என்று சொன்னால் அது அநியாயம். 2013இல் ஜெனீவாவில் கூடிய சர்வதேசத் தொழிற் புள்ளிவிபரவியலாளர் மாநாடு, சம்பளமில்லாமல் வீட்டுக்குச் செய்வதும் வேலைதான் என்று தீர்மானித்தது. 2017இல் இலங்கையில் முதன்முறையாக நாடு தழுவிய நேரப் பயன்பாட்டு ஆய்வு நடந்தது. ஒரு நாளின் 24 மணித்தியாலத்தில் யார் என்ன செய்கிறார் என்று கேட்டார்கள். மனமார வரவேற்கிறேன். ஆனாலும் எதிர்வீட்டுக்காரி சந்தைக்குப் போன நேரம் அவள் பிள்ளையையும் தன் பிள்ளைகளோடு வைத்துப் பார்த்துக்கொண்ட ஒருத்தியிடம் "பத்து மணிக்கு என்ன செய்தீங்க?" என்று கேட்டுப் பாருங்கள். "ஒண்ணுமில்ல, வெங்காயம் உரிச்சிட்டு இருந்தேன்" என்பார். எதிர்வீட்டுக்காரி சந்தைக்குப் போக முடிந்தது இவரால்தான்.

பிள்ளை வளர்ப்பு ஆய்வுகளும் இப்படித்தான். யுனிசெஃப் பல நாடுகளில் நடத்துகிற வீட்டு ஆய்வில் ஒரு கேள்வி உண்டு: கடந்த மூன்று நாட்களில் இந்த வீட்டில் உள்ள 15 வயதுக்குக் குறையாத யாராவது பிள்ளைக்குப் புத்தகம் வாசித்தார்களா, கதை சொன்னார்களா, பாட்டுப் பாடினார்களா? அருமையான கேள்வி. ஆனால் பக்கத்து வீட்டு ஆச்சி சொன்ன கதை கணக்கில் வராது. பன்னிரண்டு வயது அக்கா சொல்லிக்கொடுத்த பாட்டும் வராது.

இதனால் காசு நட்டமும் வரும். 2023இல் அஸ்வெசும என்ற அரச நலன்புரிக் கொடுப்பனவுக்கு ஆட்களைத் தெரிவுசெய்தபோது 22 சுட்டிகளை வைத்து வீடுகளைப் பார்த்தார்கள். மின்சாரப் பாவனையும் அதில் ஒன்று. தோட்டத்துக்குள் ஒரு வீட்டு மீற்றரிலிருந்து இன்னும் இரண்டு வீட்டுக்கு வயர் இழுத்திருப்பது சர்வ சாதாரணம். பில் வருவது ஒருவர் பெயரில், கட்டுவது மூன்று பேரும் பிரித்து. தாளில் பார்த்தால் அந்த ஒருவர் மூன்று மடங்கு கரண்ட் எரிக்கிற வசதிக்காரர், மற்ற இரண்டு வீட்டுக்கும் மீற்றரே இல்லை. பட்டியல் வெளியானபோது மேன்முறையீடுகள் இலட்சக்கணக்கில் குவிந்தன. அதற்குக் காரணங்கள் பல, எல்லாவற்றையும் மீற்றரில் போட முடியாது. ஆனால் வீட்டைத் தனித்தனிப் பெட்டியாகப் பார்க்கிற பழக்கம் அதில் ஒன்று என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

விலைவாசியும் அப்படித்தான். கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி 2022 செப்டெம்பரில் பணவீக்கம் 69.8 வீதம், உணவுக்கு மட்டும் 94.9 வீதம். அந்த இலக்கங்கள் இல்லாவிட்டால் அந்த வருடம் மக்கள் பட்ட பாட்டுக்கு எழுத்தில் அத்தாட்சியே இருந்திருக்காது. ஆனால் அந்தச் சுட்டெண்ணில் உணவுக்குக் கொடுத்திருக்கிற நிறை, அதாவது மொத்தச் செலவில் அதற்கு வைத்த பங்கு, நூற்றுக்கு முப்பதுக்கும் குறைவு. எல்லா வீட்டுச் செலவையும் கூட்டித்தான் நிறை போடுகிறார்கள் என்பதால், கூடச் செலவழிக்கிற வீட்டின் பேச்சுத்தான் கூட எடுபடும். வசதிக்காரர் இருக்கிற கறுவாத்தோட்டத்து வீட்டின் பெற்றோல் செலவும் சர்வதேசப் பாடசாலைக் கட்டணமும் அதற்குள் இருக்கின்றன. வருமானத்தில் பாதிக்கு மேல் சாப்பாட்டுக்கே போகிற வீட்டுக்கு 69.8 என்பது அவர்கள் அனுபவித்த விலையேற்றமே இல்லை. அவர்கள் அதைத் தாங்கியது எப்படி என்பது எந்தச் சுட்டெண்ணிலும் வராது. ஒரு தேங்காயை இரண்டு வீட்டார் சேர்ந்து வாங்கிப் பாதிப் பாதியாக எடுத்தார்கள். முடுக்குக் கடைக்கார அண்ணன் கணக்குக் கொப்பியை மூடாமல் வைத்திருந்தார். பல வீடுகளில் அடுப்பு எரிந்ததே அந்தக் கொப்பியால்தான்.

இன்னொன்று, கேள்வி கேட்கும்போது பக்கத்தில் யார் நிற்கிறார் என்பது. கேட்க வருகிறவருக்குத் தமிழ் சரளமாக வராவிட்டால் பக்கத்து வீட்டுப் பிள்ளையைக் கூப்பிட்டு மொழிபெயர்க்கச் சொல்வது வழக்கம். பிள்ளைக்குச் சிங்களம் நன்றாக வரும், உதவுகிற மனமும் இருக்கும். ஆனால் "யாருக்கு எவ்வளவு கடன்?" என்று கேட்கும்போது, கடன் கொடுத்தவளின் மகள்தான் மொழிபெயர்த்துக்கொண்டு நிற்கிறாள். என்ன பதில் வரும்? "கடன் ஒண்ணும் இல்ல." அது அப்படியே பூச்சியமாகப் பதிவாகிறது. புருஷன் அடிப்பானா என்ற கேள்விக்கும் இதே கதிதான்.

மாடிவீடுகளைப் பற்றிச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. தோட்டத்து ஆட்களைக் குடியமர்த்த 2001இல் சஹஸ்புர மாடித்தொகுதியில் 671 வீடுகள் கட்டினார்கள். 2010க்குப் பிறகு நகர அபிவிருத்தி அதிகார சபையின் திட்டத்தில் தெமட்டகொடை, சலமுல்லை, முகத்துவாரம் என்று அடுக்கடுக்காக எழும்பின. தனிக் கழிவறை, குழாய்த் தண்ணீர், நிரந்தரக் கூரை. இவை சின்ன விஷயம் இல்லை, இருட்டில் பொதுக் கழிவறைக்கு நடந்த பெண்களைக் கேட்டால் தெரியும். ஆய்வில் இந்தக் கட்டங்கள் எல்லாவற்றிலும் சரி அடையாளம் விழும். ஆனால் பலருக்கு எந்த மாடி, எந்தக் கதவு என்பதைக் குலுக்கல்தான் தீர்மானித்தது. இருபது முப்பது வருடம் எதிரும் புதிருமாக இருந்தவர்களில் ஒருத்தி மூன்றாம் மாடி, மற்றவள் பதினோராம் மாடி, லிஃப்ட் வேலை செய்தால் பார்த்துக்கொள்ளலாம். சீட்டுப் பிடித்த அக்கா வேறு கட்டடம். கணக்குக் கொப்பி வைத்திருந்த கடை இடிபட்டுப் போனது. வாசலில் வைத்து விற்ற இடியப்பத்துக்கு வாசலே இல்லை. மாற்றுக் கொள்கைகளுக்கான நிலையம் என்ற ஆய்வு நிறுவனம் 2014இலிருந்து வெளியிட்ட அறிக்கைகளில் இப்படியான இழப்புகளை மக்களின் வாயாலேயே கேட்டு எழுதியிருக்கிறார்கள். மனம் வைத்தால் எழுதலாம் என்பதற்கு அதுவே அத்தாட்சி. வீடு கொடுக்கிற முடிவை எடுக்கிறவர்களின் மேசையில் அது எப்போது ஏறும் என்பதுதான் என் கேள்வி.

எண்ணிக்கையை விட்டுவிட்டுக் கதை கேளுங்கள் என்று நான் சொல்லவில்லை. எண்ணிக்கை இல்லாவிட்டால் எங்கள் ஆட்கள் யார் கண்ணிலும் பட மாட்டார்கள். நான் கேட்பது இந்த நடுவெளியையும் எண்ணச் சொல்லித்தான். கடந்த மாதம் இந்த வீட்டுக்கு வெளியே யாரிடமிருந்து சாப்பாடு வந்தது, யாருக்குக் கொடுத்தீர்கள்? யாருடைய பிள்ளையைப் பார்த்தீர்கள்? கைமாற்று யாரிடம், எத்தனை நாளில் திரும்பியது? மீற்றரை, தண்ணீர் பில்லை யாரோடு பிரிக்கிறீர்கள்? ஒரு பக்கம் போதும், பத்து நிமிடம் கூடும்.

ஆய்வு செய்யத் தயாராகிற தம்பி தங்கச்சிமார் இதை வாசித்தால் ஒரு வேண்டுகோள். கடனைப் பற்றிய கேள்வியை வாசலில் நின்று கேட்காதீர்கள், உள்ளே கூப்பிடும்வரை பொறுங்கள். காலை பத்து மணிக்குப் போகாதீர்கள், அது சமையல் நேரம், பதில் சீக்கிரம் முடிக்கிற பதிலாகத்தான் வரும். மூன்று மணிக்கு மேல் போங்கள். வெளியே செருப்புக் கழற்றுகிற இடத்தில் கண்ணில் படுவதையும் எழுதிக்கொள்ளுங்கள். அறிக்கை முடிந்ததும் தமிழில் இரண்டு பக்கம் எழுதி அந்தத் தோட்டத்திலேயே வாசித்துக் காட்டுங்கள், பிழையான இடத்தை அவர்களே சொல்வார்கள். நான் கேட்டுப் பார்த்துச் சரிவந்த கேள்விகள் ஒரு கொப்பி நிறைய இருக்கிறது. வேண்டுமானவர்கள் இன்பொக்ஸுக்கு வாருங்கள், படம் எடுத்து அனுப்புகிறேன்.