தலைவர் முடிக்கும்வரை காத்திருக்கக் கூடாது
தென்னாப்பிரிக்காவின் சொவேட்டோ நற்செய்திப் பாடகர் குழுவின் மூன்று கிராமி இசை விருதுகளும் ஒரே பிரிவில் கிடைத்ததாக, அக்குழுவைப் பற்றி நான் படித்த ஒரு கட்டுரை சொல்கிறது. அது சரியல்ல. 2007, 2008 விருதுகள் மரபு உலக இசைப் பிரிவில். 2019இல் 'ஃப்ரீடம்' இசைத்தொகுப்பு வென்றது உலக இசைப் பிரிவில்.

தலைவர் ஒரு வரி பாட, குழு பதில் பாடும் இவர்களுடைய பாடல்களைப் பாட விரும்பும் தேவாலயக் குழுக்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். தலைவர் வரியை முடிக்கும்வரை காத்திருந்து பதில் பாடாதீர்கள். கடைசி அசை ஒலிக்கும்போதே குழு உள்ளே நுழைய வேண்டும். இடைவெளி விழுந்தால் பாட்டு துண்டு துண்டாகிவிடும். பாஸ் எனப்படும் மிகத் தாழ்ந்த ஆண் குரல்களைக் குறைக்கவே கூடாது, கட்டடத்தின் அஸ்திவாரமே அதுதான். இவர்கள் பாடும் மொழிகளில் ஒன்றான ஜூலுவில் சொடுக்கொலிகள், அதாவது நாக்கைச் சொடுக்கி எழுப்பும் ஒலிகள், மூன்று: முன்பல்லின் பின்னால், மேலண்ணத்தில், கடைவாய்ப் பக்கத்தில். மூன்றையும் 'க' என்று உச்சரித்தால் சொல்லே மாறிப்போகும். முதலில் தாளத்தோடு சொற்களை மட்டும் பேசிப் பழகுங்கள், மெட்டு பிறகு வரட்டும்.