கொடை வீடியோவும் பெட்டில போட்ட 300ம்

நேத்து ராத்திரி எங்க வீட்ல ஒரே கூத்து. ஊர்ல எடுத்த கோயில் கொடை வீடியோ 40 ஜிபி, பட்டாசல்ல இருக்க லேப்டாப்புல கெடக்கு, அத மச்சுல இருக்க கம்ப்யூட்டருக்கு வைஃபைலயே தள்ளிருவோம்னு காப்பி போட்டுட்டு சாப்பிட உக்காந்தேன், சொதியும் இஞ்சித் தொவையலும் முடிச்சி கையக் கழுவிட்டு வந்து பாத்தா பத்து சதவீதம்தான் போயிருக்கு, செகண்டுக்கு 4 எம்பியாம், இன்னும் ரெண்டரை மணி நேரம் ஆவுமாம்.

மச்சினன் ஒடனே, "அத்தான், இந்தப் பிளானத் தலமுழுவிட்டு பெருசா ஒண்ணு போடுங்க"ங்கான். ஏல, வீட்டுக்குள்ள கீழ இருந்து மேல போற ஃபைலுக்கும் நெட் பிளானுக்கும் என்னல சம்பந்தம்? வெளிய இருந்து வார ஒயரப் புடுங்கிப் போட்டாலும் இது பாட்டுக்கு ஓடும். சொன்னா நம்பணும்லா.

ரவுட்டர் வந்த பெட்டில 300னு போட்டிருக்கது மெகாபிட்டு, காப்பி ஆவும்போது காட்டுதது மெகாபைட்டு. 8 பிட்டு சேந்தாத்தான் 1 பைட்டு, ஆக 300 அங்கனயே 37 ஆயிட்டு. அந்த 300ம் காத்துல சிக்னல் போற பாதை (சேனலு) 40 மெகாஹெர்ட்ஸ் அகலத்துக்கு கெடச்சாத்தான். எங்க தெருவுல வீட்டுக்கு ஒரு ரவுட்டர், 2.4 கிகாஹெர்ட்ஸ்ல ஒண்ணோட ஒண்ணு மோதாம இருக்கது 1, 6, 11னு மூணே சேனலு, அதனால இது 20க்கு சுருங்கிக்கிடுது, லேப்டாப்புல பாத்தா 144 மெகாபிட்டுதான்.

சரி 144 முழுசா வருமான்னா அதுவும் வராது. வில்லுப்பாட்டு கேட்டிருப்பியள்லா, பாடுதவரு ஒரு அடி சொன்னா பக்கத்துல இருக்கவரு "ஆமா" போடுவாரு, பொறவுதான் அடுத்த அடி. வைஃபையும் அப்படித்தான், ஒவ்வொரு தடவ அனுப்புனதுக்கும் அந்தப் பக்கம் "ஆமா"ன்னு சொல்லணும், "ஆமா" வரலன்னா அதே அடிய திருப்பிப் பாடணும், அதே சேனல்ல பக்கத்து வீட்டுக்காரன் பாடிட்டிருந்தா அவன் முடிக்கது வரைக்கும் வாயப் பொத்திட்டு நிக்கணும். இதுலயே பாதிக்குப் பாதி போயிரும். இதுல என் கதை இன்னும் மோசம், லேப்டாப்பும் வைஃபை, மச்சுல இருக்கதும் வைஃபை, லேப்டாப்பு ரவுட்டருக்குப் பாட, ரவுட்டர் அதையே மேல பாட, ஒரே பாட்டு ரெண்டு தடவ. மிச்சம் 35 மெகாபிட்டு, எட்டால வகுத்தா அந்த 4 எம்பி. எங்கயும் ரிப்பேர் இல்ல, கணக்கே அவ்ளோதான்.

நம்பாதவனுக்கு காட்டணுமேன்னு லேப்டாப்ப மட்டும் கேபிள்ல ரவுட்டரோட சொருவுனேன். 8 எம்பி! காத்துல போறது ஒரு தடவயாக் கொறஞ்சிட்டு, அதான். ரெண்டுக்கும் கேபிள் போட்டா பறக்கும்னு நெனைக்காதீய, எங்க ரவுட்டர் பின்னால இருக்க ஓட்டையெல்லாம் 100 மெகாபிட்டுதான், தலகீழ நின்னாலும் 11, 12 எம்பிக்கு மேல ஏறாது. முன்னால கொட்டை எழுத்துல 300, பின்னால 100, இத விக்கிறவன் யாரும் சொல்லுததே இல்ல, எனக்கு அதான் எரிச்சல்.

கடைசில லேப்டாப்ப மச்சுக்குத் தூக்கிட்டுப் போயி, ஒத்தக் கேபிள ரெண்டு மிசினுக்கும் நேரா மாட்டுனேன், ரெண்டுலயும் கிகாபிட் போர்ட்டு, அதாவது 1000 மெகாபிட்டு, செகண்டுக்கு 100 எம்பிய ஒட்டி ஓடிச்சு. மிச்சம் இருந்தது ஆறேழு நிமிசத்துல முடிஞ்சிட்டு.

கீழ எறங்கி வந்தா, மச்சினன் என் போன எடுத்து பெரிய பிளானுக்கு மாத்தி பணமும் கட்டி வச்சிருக்கான். அடுத்த கொடைக்கு ஒதவுமாம்.