வெள்ளிக்கிழமை, 00:00 மணி

"வெள்ளிக்கிழமைக்குள்ள அசைன்மென்ட் போட்டுடுங்க" என்று வகுப்பில் சொல்லிவிட்டு, ஆசிரியர், பாடங்களையும் தேர்வுகளையும் ஆன்லைனில் நடத்தும் மென்பொருளான மூடுலில் டியூ டேட்டை வெள்ளிக்கிழமைக்கு மாற்றுகிறார். நேரத்தைத் தொடுவதில்லை. அங்கே ஏற்கெனவே 00:00 என்று உட்கார்ந்திருக்கிறது. வெள்ளிக்கிழமை 00:00 என்றால் வியாழன் நள்ளிரவு. வெள்ளி மாலை ஒழுங்காக ஏற்றிய பிள்ளைகள் எல்லாம் லேட். கூகுள் கிளாஸ்ரூமில் இதே தேதியை வைத்தால் நேரம் 23:59 என்று போய் விழும். சொன்ன வார்த்தை ஒன்று, நடுவில் ஒரு முழுநாள் காணாமல் போகிறது.

வட சென்னையில் அந்த ஒரு நாள் பெரிது. இங்கே அரசுக் கல்லூரிகளில் ஷிப்ட் முறை. காலை ஷிப்ட்காரர் மதியத்துக்கு மேல் வேலைக்குப் போகிறார். மதிய ஷிப்ட்காரர் விடியற்காலையிலேயே காசிமேட்டில் ஒரு வேலையை முடித்துவிட்டு வருகிறவராக இருக்கலாம். வீட்டுக்கு ஒரே போன், அதுவும் அப்பாவின் டெலிவரி வேலைக்குப் போய்விட்டு ராத்திரி 11 மணிக்குத்தான் கைக்கு வரும். மூடுலில் டியூ டேட், கட்-ஆஃப் டேட் என்று இரண்டு இருக்கின்றன. முதலாவது "லேட்" என்று குறி மட்டும் போடும். கதவைச் சாத்துவது இரண்டாவதுதான். டியூ டேட் வெள்ளி 23:59, கட்-ஆஃப் திங்கள் காலை 9 என்று வைத்தால் சண்டையே கிடையாது.

மூடுல் மாதிரியான எல்எம்எஸ் (கற்றல் மேலாண்மை மென்பொருள்) வந்தால் கற்பித்தல் மாறும் என்கிறார்கள். மாறத்தான் மாறுகிறது, ஆனால் மாற்றுவது யார்? யாரோ எப்போதோ டிக் அடித்து வைத்த டீஃபால்ட் கட்டங்கள். ஒரு தாளுக்கு எத்தனை யூனிட் என்று பாடத்திட்டக் குழுவான போர்டு ஆஃப் ஸ்டடீஸில் மணிக்கணக்காக வாதாடுகிறவர்கள், இந்தக் கட்டங்களைப் பற்றி ஒரு வரிகூட மினிட்ஸில் எழுதியிருக்க மாட்டார்கள்.

மூடுலின் கதையே இதற்கு நல்ல உதாரணம். ஆஸ்திரேலியாவின் பெர்த்தில் மார்ட்டின் டூகியாமஸ் அதை உருவாக்கினார், 1.0 பதிப்பு 2002-ல் வந்தது. கூடிப் பேசி, ஒருவருக்கொருவர் விளக்கித்தான் அறிவு உருவாகிறது என்ற கல்விக் கொள்கை அவருடையது. அப்படிப்பட்ட மென்பொருளில் புதிதாக ஒரு கோர்ஸ் திறந்தால் தானாக வருகிற ஒரே ஃபோரம் அறிவிப்புப் பலகை. அதில் மாணவர் எழுத முடியாது, பதில்கூடப் போட முடியாது. பேச வைக்க வேண்டுமானால் ஆசிரியர்தான் தனியாக ஒரு ஃபோரம் சேர்க்க வேண்டும். அதில் 'கேள்வி-பதில்' வகையைத் தேர்ந்தால், தன் பதிலைப் போட்ட பிறகே மற்றவர் எழுதியது தெரியும். அதுவும் திருத்த நேரமான 30 நிமிடம் கழிந்த பிறகு. காப்பியடிப்பதை இதைவிட எளிதாகக் குறைக்க முடியாது. நம் ஊர் கோர்ஸ்களில் இதைப் பார்ப்பது அபூர்வம். பிடிஎஃப் அடுக்கும் அலமாரி ஆகிவிட்டது மூடுல். பேச்செல்லாம் வாட்ஸ்அப் குரூப்பில்.

க்விஸ் இன்னொரு கூத்து. திருத்தும் வேலை மிச்சம் என்பதால் எல்லாமே நான்கு விடைகளில் ஒன்று என்று சுருங்குகிறது. 'மேற்கண்ட அனைத்தும்' என்று நான்காவதாக எழுதிய விடை, வரிசையைக் கலைத்துப் போடும் ஷஃபிள் போட்டதும் முதல் இடத்துக்கு வந்து நிற்கிறது. மேலே ஒன்றுமே இல்லை!

ஒரு சொல் விடை கேட்டால் தமிழுக்கென்றே ஒரு கண்ணி உண்டு. அர்த்தசாஸ்திரம் எழுதியவர் யார் என்று கேட்டு, விடையாக 'கௌடில்யர்' என்று கொடுத்திருப்பார்கள். மாணவர் போனில் ககரத்துக்கு எகரக் கொம்பு போட்டு, பக்கத்தில் ளகரத்தைத் தட்டி 'கெளடில்யர்' என்று எழுதியிருப்பார். கண்ணுக்கு இரண்டும் கிட்டத்தட்ட ஒன்று. கம்ப்யூட்டர் எழுத்துகளைச் சேமிக்கும் முறையான யூனிகோடில் வேறு வேறு எழுத்துகள். மென்பொருள் பூஜ்யம் போடும். 'ஔ' எழுத்திலும் இதே கதை. இரண்டு வடிவத்தையும் சரியான விடைகளாகச் சேர்த்துவிடுங்கள், கூடவே 'சாணக்கியர்' என்பதையும். பாமினி என்ற பழைய எழுத்துருவில் தட்டிய நோட்ஸை அப்படியே ஒட்டினால் ஆங்கில எழுத்துக் குப்பைதான் வரும். முதலில் யூனிகோடுக்கு மாற்ற வேண்டும்.

க்விஸ் முடிந்ததும் மார்க்கை மட்டும் இறக்கிக்கொண்டு போய்விடாமல், புள்ளிவிவர அறிக்கையைத் திறந்து பாருங்கள். அதில் டிஸ்கிரிமினேஷன் என்று ஒரு எண் இருக்கும். அது மைனஸில் இருந்தால், நன்றாகப் படிக்கிறவர்கள் தப்பாகவும் மற்றவர்கள் சரியாகவும் எழுதியிருக்கிறார்கள் என்று பொருள். பெரும்பாலும் விடைக்குறிப்பே தப்பாக இருக்கும்.

இன்டர்னல் 25 மார்க், ஐந்து அசைன்மென்ட், ஒவ்வொன்றுக்கும் 5 என்று வைத்துக்கொள்வோம். ஒரு மாணவி ஒன்றை மட்டும் கொடுத்து 4 வாங்கியிருக்கிறார். மூடுலின் மார்க் பதிவேடான கிரேடுபுக்கில் காலியான மார்க்குகளைக் கணக்கில் சேர்க்காதே என்ற டிக் டீஃபால்ட்டாகவே இருப்பதால், அவருக்கு 80 சதவீதம் என்று காட்டும். செமஸ்டர் கடைசியில் ஆசிரியர் நான்கு பூஜ்யங்களைப் போடுவார். 25-க்கு 4, அதாவது 16 சதவீதம். நவம்பர் வரை சந்தோஷமாக இருந்த பிள்ளையை ஏமாற்றியது யார்? கட்-ஆஃப் தாண்டிய அன்றே பூஜ்யத்தைப் போடுங்கள், இல்லையென்றால் அந்த டிக்கை எடுத்துவிடுங்கள்.

ஃபைல் அளவும் இப்படித்தான். மூடுல் ஓடுகிற பிஎச்பி சர்வரில் யாரும் கை வைக்காவிட்டால் ஒரு ஃபைலுக்கு 2 எம்பிதான் வரம்பு. போனில் எடுத்த ஒரு பக்கப் படமே 4 எம்பி வரும். பத்துப் பக்கம் 40. "மேம், ஏற மாட்டேங்குது" என்ற புலம்பலில் பாதி இதுதான். அட்மினிடம் சொல்லி 20 எம்பிக்கு உயர்த்தச் சொல்லுங்கள். மாணவர்களைக் கருப்பு-வெள்ளையில் ஸ்கேன் செய்து ஒரே பிடிஎஃப்பாகக் கொடுக்கச் சொல்லுங்கள். ஆசிரியர் பக்கமும் இதே கஞ்சத்தனம் வேண்டும். 50 நிமிடப் பாடத்தை 32 கேபிபிஎஸ் ஆடியோவாகப் போட்டால் 12 எம்பி. அதையே வீடியோவாக ஏற்றினால் நூற்றுக்கணக்கான எம்பி. இத்தனைக்கும் அதில் பாதி நேரம் தெரிவது ஒரே ஸ்லைடு.

கல்லூரிகளின் தரத்தை மதிப்பிடும் நாக் ஆய்வு வருகிறது என்றதும் லாகின் எண்ணிக்கைக்கும் ஸ்கிரீன்ஷாட்டுக்கும் ஓடுகிற ஓட்டம் தனி. பக்கத்தைத் திறந்தாலே 'முடித்தார்' என்று டிக் விழும்படி வைத்துவிட்டு, 100 சதவீதம் படித்துவிட்டார்கள் என்று ஃபைலில் போடுகிறோம். திறந்து மூட மூன்று விநாடி போதும்.

செமஸ்டர் தொடங்குமுன் அட்மினிடம் ஒரு டம்மி மாணவர் கணக்கு கேட்டு வாங்குங்கள். அதில், கல்லூரி வைஃபையை அணைத்துவிட்டு, பழைய ஆண்ட்ராய்டு போனில் மொபைல் டேட்டாவில் ஒரு அசைன்மென்ட்டைக் கடைசிவரை நீங்களே ஏற்றிப் பாருங்கள். ஃபைல் ஏறிய பிறகும் 'சப்மிட்' என்று இன்னொரு பட்டனை அழுத்தச் சொல்கிறதா, இல்லை டிராஃப்ட்டாகவே நின்றுவிட்டதா என்பதையும் பார்த்துவிடுங்கள்.