குதிரையை டி4இல் வைக்கச் சொல்லிக் கொடுக்கும் மாஸ்டர்மாருக்கு

இன்னும் எத்தனை பிள்ளைகளை இப்படி அழ வைக்கப் போகிறீர்கள்?

யாழ்ப்பாணத்தில் இப்போது ஒழுங்கைக்கு ஒழுங்கை செஸ் வகுப்பு. சந்தோசம். ஆனால் பல இடங்களில் சொல்லிக் கொடுப்பது செஸ் இல்லை, வெறும் பொறி. எட்டு வயதுப் பிள்ளைக்கு எப்போது காஸ்லிங் செய்வதென்று, அதாவது ராசாவையும் கோட்டையையும் ஒரே நகர்த்தலில் மாற்றி ராசாவைப் பத்திரப்படுத்துவதென்று தெரியாது, ஒரு கோட்டையை வைத்து மேட் பண்ணத் தெரியாது. 'பிளாக்பர்ன் ஷில்லிங்' என்ற பொறி மட்டும் தண்ணீர்பட்ட பாடு!

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். இ4, டி4 என்பவை பலகையில் உள்ள கட்டங்களின் பெயர்கள். வெள்ளை இ4, கறுப்பு இ5, பிறகு குதிரைகள் எஃப்3, சி6. வெள்ளை மந்திரி சி4க்கு வருகிறது. காலங்காலமாக ஆடப்படும் இத்தாலியத் திறப்பு. இந்த இடத்தில் கறுப்பு, சி6இல் இருந்த குதிரையைத் திரும்பவும் தூக்கி டி4இல் வைக்கிறது. இ5 காலாள் சும்மா கிடக்கிறதே என்று வெள்ளை அதை வெட்டினால் ராணி ஜி5க்குப் பாயும். ராணியையும் கோட்டையையும் ஒன்றாகப் பிடிக்கலாம் என்று வெள்ளைக் குதிரை எஃப்7ஐ வெட்ட, ராணி ஜி2ஐ வெட்டும். கோட்டை எஃப்1க்கு ஒதுங்கும். ராணி இ4இல் செக், மந்திரி இ2இல் மறிக்கும், குதிரை எஃப்3இல் மேட். ஏழே நகர்த்தல்.

சரி, எதிராளி விழாவிட்டால்? குதிரையால் அந்தக் குதிரையை வெட்டினாலே போதும். கறுப்புக் காலாள் திருப்பி வெட்டும். இப்போது பலகையைப் பாருங்கள். கறுப்புக்கு வெளியே வந்த காய் ஒன்றுகூட இல்லை.

இதை ஒரு போட்டியில் கண் முன்னால் பார்த்தேன். எதிரே இருந்த சின்னப் பெட்டை யோசிக்காமல் குதிரையை வெட்டினாள். பொடியன் திருப்பி வெட்டினான். அதோடு கை இரண்டையும் மடியில் வைத்துக்கொண்டு பலகையையே பார்த்தபடி இருந்தான். மணிக்கூடு ஓடுகிறது, அவனுக்கு அடுத்த நகர்த்தல் வரவில்லை. எப்படி வரும்? சேர் சொல்லிக் கொடுத்த பாடம் அந்த இடத்தோடு முடிந்துவிட்டதே! தோற்று வெளியே வந்த பிள்ளையைத் தகப்பன் ஏசுகிறார்: "அவ்வளவு காசு கட்டிப் படிச்சும் தோத்திட்டியே?" ஏச வேண்டியது பிள்ளையையா?

பிளாக்பர்ன் 1841இல் பிறந்த இங்கிலாந்து மாஸ்டர். பலகையைப் பார்க்காமலே ஒரே நேரத்தில் பல பேரோடு ஆடக்கூடிய ஆள். கோப்பிக் கடைக்கு வருகிறவர்களிடம் ஒரு ஷில்லிங் பந்தயத்துக்கு இதை ஆடினார் என்று ஒரு கதை, அதனால்தான் அந்தப் பெயர். வழிப்போக்கனிடம் சில்லறை கறக்கிற வித்தையை மாதாமாதம் காசு வாங்கிக்கொண்டு பிள்ளைகளுக்குப் பாடமாக நடத்துகிறீர்கள்!

பொறியே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. யானைப் பொறியைச் சொல்லிக் கொடுங்கள், கும்பிட்டு வரவேற்கிறேன். வெள்ளை ஒரு காலாளைக் கொடுக்க முன்வரும் ராணிக் காம்பிட் திறப்பில், அதை வாங்க மறுத்து ஆடும் கறுப்பு, குதிரையை டி7இல் வைக்கிறது. எஃப்6 குதிரை ஜி5 வெள்ளை மந்திரியால் ராணிக்கு முன்னால் கட்டுண்டு நிற்கிறது, அசைந்தால் ராணி போய்விடும், அதனால் அசையாது என்று நம்பி வெள்ளை டி5 காலாளைக் குதிரையால் வெட்டினால், கறுப்பு ராணியையே கொடுத்துத் திருப்பி வெட்டும். பி4இல் மந்திரி செக். வெள்ளை தன் ராணியைக் கொண்டுதான் மறிக்க வேண்டும். கணக்குப் பார்த்தால் கறுப்புக்கு ஒரு காய் லாபம். 1848இலேயே பெர்லினில் மாயெட் என்ற ஆட்டக்காரர் இதில் ஹார்விட்ஸ் என்பவரிடம் மாட்டியிருக்கிறார். வெள்ளை விழாவிட்டாலும் கறுப்புக்கு ஒரு நட்டமும் இல்லை, குதிரை நல்ல கட்டத்தில்தான் நிற்கிறது. கட்டுண்ட காய் எப்போது அசையலாம் என்பதையும் பிள்ளை விளங்கிக்கொள்ளும். இதைச் சொல்லிக் கொடுக்கப் பொறுமை வேண்டும். அது உங்களிடம் இல்லை.

பெற்றோரே, இந்தச் சனிக்கிழமை வகுப்பு முடிந்து வரும் பிள்ளையிடம் கேளுங்கள்: "டி4 குதிரையை எதிராளி வெட்டினால் பிறகு என்னம்மா செய்வாய்?" பதில் வராவிட்டால், அடுத்த மாதக் காசைக் கட்டாதீர்கள்.