பாதை ஏறிப் போய்க் கேட்ட பாட்டு

முதன்முதல் நேரில் பார்த்த இசை நிகழ்ச்சியை யாரும் மறப்பதில்லை என்று உங்கள் கட்டுரையில் எழுதியிருக்கிறீர்கள், உண்மைதான். எனக்கு அது 2002, பெப்ரவரியில் இலங்கை அரசுக்கும் புலிகளுக்கும் இடையே போர்நிறுத்த ஒப்பந்தம் வந்த அதே வருடம். மட்டக்களப்பு வாவியின் மேற்குப் பக்கம், படுவான்கரையில் எங்கள் வீட்டில் கரண்ட் இல்லை, பாட்டு என்றால் பற்றரி போட்ட ரேடியோதான். வாவிக்குக் கிழக்கே எழுவான்கரையில் ஒரு கோயில் திருவிழாவுக்கு இசைக்குழு வருகிறது என்று கேள்விப்பட்டு மாமா என்னைக் கூட்டிக்கொண்டு, அம்பிளாந்துறையில் பாதை (ஆட்களை ஏற்றி வாவியைக் கடக்கும் மிதவை) ஏறி வாவியைக் கடந்து குருக்கள்மடத்தில் இறங்கி, அங்கிருந்து சைக்கிள் பாரில் வைத்து மிதித்தார். மேடைக்குக் கிட்ட மணலில் இருந்தோம். ட்ரம்ஸை முதல் தட்டுத் தட்டியதும் சத்தம் காதுக்கு வரவில்லை, நேரே நெஞ்சுக்குள் இடித்தது, கையில் இருந்த கச்சான் சரையை (நிலக்கடலைப் பொட்டலத்தை) நசுக்கிவிட்டேன். பாடகர் பாட்டுக்கு நடுவில் மூச்சு இழுப்பதுகூடக் கேட்டது, ரேடியோவில் அதெல்லாம் எங்கே கேட்டது! முடிய நடுச்சாமம் தாண்டிவிட்டது. இரவில் பாதை ஓடாது, அதனால் கோயில் மண்டபத்திலேயே படுத்தோம். மாமா அடுத்த நிமிடமே குறட்டை. எனக்கு விடியும்வரை நித்திரை இல்லை, அந்த ட்ரம்ஸ் உள்ளே அடித்துக்கொண்டே இருந்தது.