பிளாஸ்டிக் இல்லை தம்பி

அந்த வீடியோவை இனிமேல் யாரும் எனக்கு அனுப்ப வேண்டாம். பார்த்துவிட்டேன். நடுவில் வரும் பவர் பேங்க் விளம்பரம் உட்பட முழுசாகவே பார்த்தேன். ஜப்பானில், பூச்சுக் கிண்ணங்களுக்குப் பேர்போன வஜிமா ஊர்க்காரர்கள் போட்ட கடையில் ஒரு சூப் கிண்ணத்தை எடுத்து, நகத்தால் டக் டக்கென்று தட்டி, "22,000 யென்னாம் மக்களே, பிளாஸ்டிக் மக்களே இது" என்று கேமராவைப் பார்த்துக் கண்ணடிக்கிறார் வீடியோ போட்ட தம்பி. கடைக்கார அம்மாவுக்குத் தமிழ் தெரியாது. தன் சரக்கை ரசிக்கிறார் என்று நினைத்துக் குனிந்து நன்றி சொல்கிறார். அந்த இடத்தில் வடிவேலு சத்தம் வேறு.

விலை அதிகம் என்று சொல்லியிருந்தால் நான் வாயே திறந்திருக்க மாட்டேன். ஏறத்தாழ 12,000 ரூபாய், எனக்கும் அதிகம்தான். ஆனால் பிளாஸ்டிக் இல்லை தம்பி. அது மரம்.

கெயாகி மாதிரி மரத்தைக் கடைந்து, உதடு படும் விளிம்பிலும் அடியிலும் துணி ஒட்டி, வஜிமாவில் கிடைக்கும் ஒரு மண்ணைச் சுட்டுப் பொடித்து உருஷி என்னும் இயற்கைப் பூச்சில் குழைத்துப் பூசி, காயவிட்டு, தேய்த்து, மறுபடி பூசி, மறுபடி தேய்த்து, இப்படி நூற்றுக்கு மேற்பட்ட கைவேலை. கடைபவர் ஒருவர், அடிப்பூச்சுக்கு ஒருவர், மேல்பூச்சுக்கு ஒருவர், தங்க வேலைக்கு இன்னொருவர். உருஷி என்பது மரத்துப் பால். பத்துப் பதினைந்து வருடம் வளர்த்த உருஷி மரத்தை ஒரு கோடை முழுக்கக் கீறிக் கீறி எடுத்தால் கிடைப்பது சுமார் 200 கிராம். ஒரு டம்ளர். பருவம் முடிந்ததும் அந்த மரத்தையே வெட்டிவிடுவார்கள். இப்போது அங்கே பயன்படுவதில் பெரும்பகுதி சீனப் பால். உள்நாட்டுப் பால் அவ்வளவு அரிது. அதில் பெரும்பங்கு இவாத்தே மாகாணத்து ஜோபோஜியிலிருந்து வருகிறது. தேசியப் பொக்கிஷமான கட்டடங்களைப் பழுதுபார்க்க உள்நாட்டு உருஷியைத்தான் பயன்படுத்த வேண்டும் என்று 2015-ல் அரசே சொன்ன பிறகு இன்னும் தட்டுப்பாடு. நகத்தால் தட்டினால் இதெல்லாம் தெரியாதுதான்.

எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பீர்கள். டோக்கியோவில் வேலை பார்க்கும் எல்லோரும் சனிக்கிழமை ஃபுஜி மலை பார்க்கப் போவதில்லை. நான் பக்கத்துப் பேட்டையில் ஒரு வயதான சென்செயிடம், அதாவது வாத்தியாரிடம், உருஷி பழகப் போகிறேன். அவர் கையில் முதலில் கொடுத்தது ஒரு தூரிகை. பெண்களின் தலைமுடியில் செய்தது. முடி நுனியில் மட்டும் இல்லை, மரச்சட்டத்துக்குள்ளே நீளமாக ஓடுகிறது. தேயத் தேய பென்சில் மாதிரி சீவி, புது முடியை வெளியே எடுத்துக்கொள்ள வேண்டும். மேல்பூச்சு பூசும் அறையில் அவர் சத்தமாகப் பேசக்கூட மாட்டார், தூசு கிளம்பும் என்று. பூசிய பிறகு விழுந்திருக்கும் ஒற்றைத் தூசைக் கூரான குச்சியால் எடுத்துவிட்டு, கிண்ணத்தை ஈரம் தெளித்த அலமாரியில் வைப்பார். ஆமாம், இது காய்வதற்கு ஈரம் வேண்டும். அந்தப் பாலில் இருக்கும் நொதி காற்றில் 70, 80 சதவீதம் ஈரப்பதம் இருந்தால்தான் ஒழுங்காக வேலை செய்யும். சென்னையில் ஒரு ஐப்பசி மாதம் போதும், ஜோராகக் காயும்.

பழக ஆரம்பித்த புதிதில் கையுறையை மீறி மணிக்கட்டில் கொஞ்சம் பட்டுவிட்டது. மறுநாள் கை வீங்கி, கண் இமை வீங்கி, ஊறல் தாங்கவில்லை. வீடியோ காலில் அம்மா பார்த்ததும் "அம்மை போட்டிருக்குடா, வேப்பிலை கிடைக்குமா அங்கே" என்றாள். கிட்டக் காட்டச் சொல்லிப் பார்த்துவிட்டு, "இல்லடா, இது முந்திரிப் பால் பட்ட மாதிரில்ல இருக்கு" என்றாள். அம்மா பண்ருட்டிப் பக்கம். அவள் சொன்னது அறிவியல். முந்திரி, மா, சேங்கொட்டை, உருஷி எல்லாம் ஒரே குடும்பம். சேங்கொட்டைப் பாலால் துணிக்குக் குறி போட்டுக் கை வெந்த சலவைக்காரர்களுக்கு இந்த ஊறல் புதிதில்லை.

சரி, அந்த வீடியோவை ஒட்டி வந்த கமெண்டுகளுக்கு வருகிறேன்.

"அரக்குதானே, நம்ம சென்னபட்டணா பொம்மையில் இல்லாததா?" அது பூச்சி தரும் அரக்கு, கடைசல் சூட்டில் உருகி ஒட்டுவது. இது மரத்துப் பால். இரண்டும் அழகு, இரண்டும் வேறு.

"சீனாவிடமிருந்து காப்பி அடித்தது." ஜப்பானின் ஹொக்காய்தோ தீவில் சுமார் 9,000 வருடத்துக்கு முந்தைய உருஷிப் பொருள் தோண்டி எடுத்திருக்கிறார்கள். யார் யாரைக் காப்பி அடித்தார்கள் என்று அந்தப் புதைகுழியிடம் கேளுங்கள்.

"என்ன இருந்தாலும் இது கைத்தொழில், கலை இல்லை." இதை எழுதியவர் ஓவியக் கல்லூரியில் படித்தவர் என்று ப்ரொஃபைலில் போட்டிருக்கிறார். ஐயா, ஒகாத்தா கோரின் பெயரைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். 1658-ல் பிறந்த ஜப்பானிய ஓவியர். தங்கத் தகட்டின்மேல் நீலமும் பச்சையுமாக ஐரிஸ் பூக்கள் நிற்கும் அந்த மடிப்புத் திரைத் தட்டிகளை, நெஸு அருங்காட்சியகத்தில் இருப்பவற்றை, நீங்களே போன வருடம் பகிர்ந்து "மேதை" என்று எழுதினீர்கள். அதே கோரின் அதே பூவை ஒரு எழுதுபொருள் பெட்டியிலும் வைத்தார். கறுப்பு உருஷியின்மேல் தங்கத்தில் இலை, சிப்பியில் பூ, குறுக்கே போகும் பாலத்துக்கு ஈயத் தகடு. மேல்தட்டில் மை உரைக்கும் கல், கீழே காகிதம். அவர் தம்பி கென்சான் வனைந்த தட்டுகளிலும் கோரின் வரைந்தார். திரையில் வரைந்தபோது கலைஞர், பெட்டி செய்தபோது தொழிலாளி, தட்டுக்கு வந்ததும் சர்வரா? அந்தப் பெட்டியும் தேசியப் பொக்கிஷம்தான் ஐயா. உவேனோவில் டோக்கியோ தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கிறது, காட்சிக்கு வைத்தாலும் கண்ணாடிக்குள்தான், தட்டிப் பார்க்க விடமாட்டார்கள்.

ஐரோப்பியர்கள் சொன்னால்தான் நம்புவோம் என்றால் அதுவும் இருக்கிறது. பிரெஞ்சு ராணி மரி அன்துவானெத் தன் தாயிடமிருந்து 1780-ல் சொத்தாகப் பெற்றவற்றில் ஜப்பானிய உருஷிப் பெட்டிகள் ஐம்பது போல இருந்தன. அவற்றோடு இன்னும் சேர்த்தாள். அவளுக்கு யாரும் பிளாஸ்டிக் என்று சொல்லவில்லை, பாவம்.

"நூறு யென் கடையில் இதே மாதிரி கிடைக்கிறதே?" கிடைக்கிறது. வாங்குங்கள். நானும் வாங்கியிருக்கிறேன்.

"ஜப்பான்காரனே வாங்குவதில்லையே?" இதற்குத்தான் என்னிடம் நல்ல பதில் இல்லை. அது உண்மை. 1990-களின் தொடக்கத்தோடு ஒப்பிட்டால் வஜிமா வியாபாரம் சரிந்து கிடக்கிறது. அதன்மேல் 2024 ஜனவரி 1. புத்தாண்டு மாலையில், வஜிமா இருக்கும் நோத்தோ தீபகற்பத்தில் நிலநடுக்கம், அளவு 7.6. வஜிமாவின் காலைச் சந்தைத் தெரு முழுக்க எரிந்து போனது. பட்டறை, அச்சு, காயவைத்திருந்த கிண்ணம், எல்லாம். செப்டம்பரில் வெள்ளம். நிலநடுக்கத்துக்குப் பிறகு அவர்கள் ஊர் ஊராகப் போய்க் கடை போடுகிறார்கள். தம்பி அப்படிப்பட்ட கடையில்தான் கண்ணடித்தார்.

"உனக்கு ஏன் இவ்வளவு எரிகிறது, நீ என்ன ஜப்பான் ஏஜெண்டா" என்று ஒருவர். இல்லை. அம்மா கல்யாணத்துக்கு முன்னால் முந்திரி உடைத்தவள். ஓட்டுப் பால் பட்டு விரல் நுனி கறுத்து உரிந்திருக்கும். ஒரு கல்யாண வீட்டில் பந்தியில் உட்கார்ந்தபோது பக்கத்து இலைக்காரம்மா அந்த விரலைப் பார்த்துவிட்டு இலையைக் கொஞ்சம் தள்ளிப் போட்டுக்கொண்டதை அவள் இன்றைக்கும் சொல்வாள், சிரித்துக்கொண்டேதான் சொல்வாள். அந்த ஓட்டிலிருந்து எடுக்கும் எண்ணெயில்தான் ஜப்பானில் உருஷிக்கு மாற்றாக ஒரு மலிவான பூச்சு செய்கிறார்கள், பெயரே 'காஷு', அதாவது முந்திரி. சென்செய் பட்டறையில் அந்த டப்பாவைப் பார்த்த அன்றைக்கு எனக்கு என்ன தோன்றியது என்று எழுதப் போனால் வேறு பதிவாகிவிடும். கை கறுத்தவர்களின் சரக்கை நகத்தால் தட்டிக் காட்டினால் எனக்கு எரியும். அவ்வளவுதான்.

அப்புறம், அந்த வீடியோவுக்குச் சிரிப்பு ஈமோஜி போட்டவர்களின் பட்டியலையும் திறந்து பார்த்தேன். வேலையற்ற வேலைதான். அதில் ஒருவர் போன குளிர்காலத்தில் என் வீட்டுக்கு வந்தபோது, வஜிமாக் கிண்ணத்தில் மிசோ சூப் குடித்துவிட்டு, "கை சுடவே இல்லையேடா, உதட்டுல எவ்ளோ மெத்துன்னு இருக்கு" என்று இரண்டாவது முறையும் ஊற்றச் சொன்னவர். பெயர் சொல்ல மாட்டேன். போன் பண்ணியும் கேட்க மாட்டேன். ஆனால் இங்கே கமெண்டில் வந்து "சும்மா ஜாலிக்குடா மச்சி" என்று எழுதினால், அடுத்த முறை சூப் நூறு யென் கிண்ணத்தில்தான்.