ஓட்டு பிரிக்கிறாங்கன்னு மூணாவது கட்சிய திட்டாதீங்க

அமெரிக்காவுல மூணாவது ஆளுக்கு போடற ஓட்டு வேஸ்ட், பிடிக்காதவன ஜெயிக்க வைக்கத்தான் உதவும்னு கட்டுரையில எழுதியிருக்கீங்க, என்னால ஒத்துக்க முடியல. 1992 அதிபர் தேர்தல்ல ரெண்டு பெரிய கட்சியிலயும் சேராம தனியா நின்ன ரோஸ் பெரோ கிட்டத்தட்ட 19 சதவீதம் ஓட்டு வாங்குனாரு, ஆனா ஒரு எலக்டரல் ஓட்டு (மாநிலவாரியா ஜெயிச்சா கெடைக்கற, அதிபர முடிவு பண்ற ஓட்டு) கூட கெடைக்கல, அது ஓட்டு போட்டவங்க தப்பா இல்ல சிஸ்டம் தப்பா?

நம்ம மலேசியாவுலயும் இதே கததான் லா. 2008ல சுங்கை சிப்புட்ல பிஎஸ்எம்ங்கற சின்ன சோசலிஸ்ட் கட்சிக்காரரு டாக்டர் ஜெயக்குமார், பெரிய எதிர்க்கட்சியான பிகேஆர் சின்னத்துல நின்னு, அப்ப அமைச்சரா இருந்த சாமிவேலுவயே தோக்கடிச்சாரு, 2013லயும் ஜெயிச்சாரு, ரெண்டு தவணை எம்பி. 2018ல அதே மனுஷன் சொந்தக் கட்சி பிஎஸ்எம் சின்னத்துல நின்னப்ப டெபாசிட்டே போச்சு. ஆளு மாறல, சின்னம்தான் மாறுச்சு. எட்டுல ஒரு பங்கு ஓட்டு வரலன்னா டெபாசிட் காலி, நாடாளுமன்றத்துக்கு அது 10,000 வெள்ளி, சம்பளக்காரங்க சேந்து நடத்துற சின்ன கட்சி எத்தன சீட்டுக்கு இத கட்டும் சொல்லுங்க.

இங்க பினாங்குல எங்க வீட்டு பெரியவங்களும் "நல்லவருதான்யா, ஆனா ஜெயிக்க மாட்டாரே"ன்னு சொல்லிட்டு பெரிய கூட்டணிக்கே போட்டுட்டு வராங்க, அந்த பயம் நியாயமானதுதான், யாரு அதிகமா வாங்குனாலும் ஜெயிச்சாச்சுங்கற முறையில வேற என்ன பண்ணுவாங்க. அமெரிக்காவோட மேய்ன் மாநிலத்துல வேட்பாளர்களுக்கு 1, 2, 3ன்னு வரிசை போட்டு ஓட்டு போடறாங்க, யாருக்கும் பாதிக்கு மேல வராம உங்க முதல் ஆளு கடைசியில வந்தா ஓட்டு அடுத்தவருக்கு போயிடும், வீணாகாது. நம்ம எம்பிங்க கிட்ட இதத்தான் கேக்கணும், மொதல்ல அத எழுதுங்க.